பழைய ஃப்ளாஷ் கோர்ஸ ஆன்லைன்ல ஏத்தணும், எந்த ப்ளேயர் வெர்ஷன் போடறது?

காட்பாடி_லேப்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க, முழுசா சொன்னாதான் புரியும்.

ராணிப்பேட்டைல ஒரு சின்ன ட்ரெய்னிங் சென்டர்ல லேப் பாத்துக்கறேன். தோல் ஷாப்பு, ஷூ கம்பெனி வேலைக்குப் போற பசங்களுக்கு ஆறு மாச கோர்ஸ். 2009ல யாரோ ஒருத்தர்கிட்ட காசு குடுத்து 38 பாடம் அனிமேஷனா பண்ணி சிடில வாங்கி வச்சிருக்காங்க, பண்ணவங்க இப்ப கடைய மூடிட்டாங்க, சிடி மட்டும் மிச்சம். எல்லாமே எஸ்டபிள்யூஎஃப், அதாவது ஃப்ளாஷ் ப்ளேயர்ல ஓடற ஃபைல். பாடம் நல்லாவே இருக்குங்க, பொய் சொல்லக் கூடாது. பச்சைத் தோல ஊற வைக்கறதுலருந்து சுண்ணாம்பு, பிக்கிள் (ஆசிட் உப்புத் தண்ணில போடறது), குரோம் போட்டு வெட் ப்ளூ (பதம் பண்ண நீலத் தோல்) ஆகற வரைக்கும் டிரம் சுத்தறத வரைஞ்சு காட்டியிருக்கான், நடுவுல பிஎச் எவ்ளோ வைக்கணும்னு ஒரு ஸ்லைடர நகத்திப் பாக்கலாம், தப்பா வச்சா தோல் கலர் மாறி கெட்டுப்போற மாதிரி காட்டும். கடைசில பத்து கேள்வி, மார்க்.

இப்ப எங்க ஓனர், இத மூடுல்ல, அதான் நம்ம ஆன்லைன் பாட சைட்ல, ஏத்திடு, பேர்ணாம்பட்டு மேல்விஷாரம் பசங்க வீட்லருந்தே போன்ல பாக்கட்டும்ங்கறார். சிடி கவர்ல ஃப்ளாஷ் ப்ளேயர் 9 அல்லது அதுக்கு மேல, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6னு அச்சடிச்சிருக்கு. அதப் பாத்துட்டு "9 போட்டா முடிஞ்சுதேப்பா, இதுக்கு எதுக்கு ரெண்டு வாரம்"னு நான் முத்துக்கடைல பஸ் எறங்கி உள்ள வரும்போதே கேக்கறார்.

நான் என்ன பண்ணேன்னா நெட்ல தேடி 32னு ஒரு செட்டப் எறக்கினேன், ஆன்டிவைரஸ் கத்த ஆரம்பிச்சிடுச்சு. இன்னொரு எடத்துல எறக்கினது இன்ஸ்டால் ஆச்சு, ஆனா பாடம் வர்ற எடத்துல சாம்பல் கலர்ல ஒரு சின்ன ஐகான் மட்டும் வருது, க்ளிக் பண்ணா அடோபி பக்கத்துக்குப் போகுது. லேப்ல 40 சிஸ்டம், பாதி விண்டோஸ் 7, பாதி 10. 9 போடணுமா, 10ஆ, 11ஆ, 32ஆ? பழைய ஃபயர்ஃபாக்ஸ் போர்ட்டபிள் வச்சு ஓட்டலாம்னு ஒருத்தர் சொன்னார், அது சரியா? போனுக்கு எந்த வெர்ஷன்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, சனிக்கிழமைக்குள்ள ஓனருக்கு ஒரு பதில் சொல்லணும்.


ரீபூட்_ராஜா:

ப்ரோ ஃப்ளாஷ் செத்து பல வருஷம் ஆச்சு. ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ணி யூட்யூப்ல போட்டுட்டு வேலையப் பாரு.


காட்பாடி_லேப்காரன்:

ரெக்கார்ட் பண்ணா ஸ்லைடரும் மார்க்கும் போயிடுமே ப்ரோ. அந்த பிஎச் ஸ்லைடர்தான் பசங்களுக்குப் பிடிச்சதே. வீடியோ போட்டா நாலாவது நிமிஷம் தூங்கிடுவாங்க, நம்ம ஊர் வெயில்ல மத்தியானம் ரெண்டு மணி க்ளாஸ் எப்டி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.


பழைய_சிஸ்அட்மின்:

தம்பி, நான் சத்துவாச்சாரி. இருவது வருஷத்துக்கு மேல காலேஜ் லேப்லயே கிடந்தவன், இந்த ஃப்ளாஷ் கூட நான் பட்ட பாட்ட சொன்னா ஒரு ராத்திரி போயிடும். உங்க கேள்விக்கு மட்டும் வர்றேன்.

கவர்ல இருக்கிற 9ங்கறது குறைஞ்சபட்ச வெர்ஷன். அந்த சிடிக்குள்ள ஒரு எச்டிஎம்எல் ஃபைல் இருக்கும், அத நோட்பேட்ல தொறங்க, எஸ்டபிள்யூஎஃப் ஆப்ஜெக்ட்னு ஒரு ஸ்க்ரிப்ட் கூப்பிட்டு அதுல 9.0.0னு எழுதியிருப்பான். ப்ளேயர் அதுக்குக் கீழ இருந்தா "புதுசு போடுங்க"ன்னு காட்டும், மேல இருந்தா ஓட்டும், அவ்ளோதான் அந்த நம்பரோட வேலை. அந்த காலத்துல இது பெரிய விஷயம், ஏன்னா 9 வந்தது 2006ல, அதோடதான் ஆக்‌ஷன்ஸ்க்ரிப்ட் 3ங்கற ப்ரோக்ராம் மொழி வந்துச்சு. லேப்ல 8 இருந்து பாடம் 9ல பண்ணியிருந்தா வெள்ளைப் பக்கம்தான் வரும், நாங்க ஒவ்வொரு சிஸ்டமா உக்காந்து மாத்துவோம்.

இப்ப அந்த நம்பரால ஒரு ப்ரயோஜனமும் இல்ல. அடோபி 2017 ஜூலைலயே சொல்லிட்டான் நிறுத்தப் போறேன்னு. 2020 டிசம்பர் 31 கடைசி நாள், 2021 ஜனவரி 12லருந்து ப்ளேயரே ஓட மாட்டேன்னு நின்னுக்கும். நீங்க பாத்த அந்த சாம்பல் ஐகான் அதான். உங்க சிஸ்டத்துல எந்தக் கோளாறும் இல்ல, ப்ளேயருக்குள்ளயே தேதி வச்சு கட்டியிருக்காங்க. 32.0.0.371தான் அந்த தேதிப் பூட்டு இல்லாத கடைசி வெர்ஷன், அதனாலதான் கண்ட கண்ட சைட்ல அந்த நம்பர் போட்டு விக்கறானுங்க. அதுக்கு அப்பறம் வந்ததுல எம்எம்எஸ் டாட் சிஎஃப்ஜின்னு ஒரு ஃபைல்ல நம்ம சைட் பேர எழுதி அனுமதிக்கிற வழி இருக்கு, பெரிய ஆபீஸ்கள் கொஞ்ச நாள் அத வச்சு ஓட்டினாங்க.

ஆனா ப்ளேயர் இருந்தா மட்டும் போதுமா, அத உள்ள விடற ப்ரவுசர் வேணுமே. குரோம் 88ல எடுத்துட்டான், ஃபயர்ஃபாக்ஸ் 84 கடைசி, 85ல இல்ல. விண்டோஸ் 10ல கேபி4577586னு ஒரு அப்டேட் வந்து விண்டோஸோடயே வந்த ஃப்ளாஷக் கழட்டிட்டுப் போயிடும், அத அன்இன்ஸ்டால் பண்ணவும் முடியாது. ஆக பழைய ஃபயர்ஃபாக்ஸ், பழைய ப்ளேயர், அப்டேட் ஆஃப், இப்படி 40 சிஸ்டத்த நெட்ல விடறதும் வீட்டக் கதவு தொறந்து போட்டுட்டு ஊருக்குப் போறதும் ஒண்ணுதான். ஃப்ளாஷ்ல எத்தன ஓட்டை கண்டுபிடிச்சாங்கன்னு எண்ணி முடியாது, இனிமே கண்டுபிடிச்சாலும் அடைக்க ஆள் இல்ல. ஹர்மன்னு ஒரு கம்பெனி காசு வாங்கிட்டு பெரிய நிறுவனங்களுக்கு சப்போர்ட் குடுக்குது, அது நமக்கு ஆகற காரியம் இல்ல.

போனுக்கு வெர்ஷனே கிடையாது. ஐபோன்ல எப்பவுமே வந்ததில்ல, ஆண்ட்ராய்டுக்கு 2012 ஆகஸ்ட்லயே ப்ளே ஸ்டோர்லருந்து எடுத்துட்டாங்க.

அதனால எந்த ப்ளேயர் வெர்ஷன்னு கேக்காதீங்க. உங்க 38 ஃபைலும் எந்த வெர்ஷன்ல எழுதியிருக்குன்னு பாருங்க, வழி அதுலதான் இருக்கு.


பாலாறு_தண்ணி:

இன்னாபா இது, நானும் இதே மாதிரி மாட்னவன்தான் சொல்றேன் கேளு. எங்க ஆம்பூர் சைடு ஒரு எடத்துல லேப் பாத்துக்கினு இருந்தேன், டைப்பிங் பாடம் ஃப்ளாஷ்ல கீது, ஓடலன்னு ஏதோ சைட்லருந்து அந்த 371 எறக்கி போட்டேன். பாடம் ஓடிச்சி, இல்லன்னு சொல்லல. மறுநாள் காலைல வந்து பாத்தா எல்லா சிஸ்டத்துலயும் ப்ரவுசர் தொறந்தா தெரியாத பாஷைல விளம்பரம், ஹோம் பேஜு மாறிகீது, ஒரு டூல்பாரு வேற மேல உக்காந்துகீது, ரெண்டு நாளு பேஜாரா பூட்ச்சி, கடைசில 18 சிஸ்டத்தயும் ஃபார்மேட் அடிச்சிதான் நிம்மதி. சம்பளத்துல புடிக்கறேன்னு வேற மெரட்னாங்க. அந்த பக்கம் தல வெச்சே படுக்காத.


ரஸ்ட்_புடிச்ச_பையன்:

அண்ணா வணக்கம், நான் வாலாஜா, பெங்களூர்ல வேலை. சிஸ்அட்மின் சார் சொன்னதுக்கு அடுத்த ஸ்டெப் நான் சொல்றேன்.

ரஃபிள்னு ஒண்ணு இருக்கு. ஃப்ளாஷ் ப்ளேயர் இல்ல, ஃப்ளாஷ் மாதிரியே நடந்துக்கற எமுலேட்டர், ரஸ்ட்ல எழுதினது, வெப்அசெம்ப்ளியா ப்ரவுசருக்குள்ளயே ஓடும். ஓப்பன் சோர்ஸ், காசு இல்ல. 2020 நவம்பர்ல இன்டர்நெட் ஆர்க்கைவ் பழைய ஃப்ளாஷ் எல்லாம் சேத்து வச்சு ப்ரவுசர்லயே ஓட விட்டாங்கல்ல, அதுக்கு இதத்தான் யூஸ் பண்ணாங்க. இதோட பெரிய வசதி என்னன்னா பசங்க சிஸ்டத்துல எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம், நீங்க சர்வர்ல ஒரு ஃபோல்டர்ல போட்டு பாடத்தோட எச்டிஎம்எல் பக்கத்துல ஒரே ஒரு ஸ்க்ரிப்ட் வரி சேத்தா போதும், போன்லயும் வரும். எஸ்டபிள்யூஎஃப் ஆப்ஜெக்ட் "ஃப்ளாஷ் இருக்கா, 9க்கு மேலயா"ன்னு கேக்கும்போது ரஃபிளே முன்னாடி வந்து "இருக்கேன்"னு சொல்லிடும், அதனால கவர்ல இருக்கிற 9 பத்தி கவலையே வேணாம்.

ஆனா எல்லாம் ஓடிடும்னு சொல்லி உங்க ஓனர்கிட்ட மாட்டி விட மாட்டேன். ஆக்‌ஷன்ஸ்க்ரிப்ட் 1, 2ல எழுதினது பெரும்பாலும் ஓடிடும், 3ல எழுதினது சிலது ஓடும், சிலது பாதில நிக்கும், அதுல ஒவ்வொரு பாடமா உக்காந்து பாத்துதான் ஆகணும். எது எதுன்னு கண்டுபிடிக்க ஜேபெக்ஸ்னு ஒரு டீகம்பைலர், அதாவது ஃபைல பிரிச்சு உள்ள இருக்கிற ஸ்க்ரிப்ட காட்டற சாஃப்ட்வேர், இருக்கு, அதுல ஃபைல தொறங்க. ஸ்க்ரிப்ட் எல்லாம் ஃப்ரேம் ஃப்ரேமா, டூ ஆக்‌ஷன்னு தொங்கினா 1 இல்லன்னா 2. பேக்கேஜ், க்ளாஸ்னு மரம் மாதிரி விரிஞ்சா 3.

ஜேபெக்ஸ் போட சோம்பேறித்தனமா இருந்தா ஒரு ஹெக்ஸ் எடிட்டர்ல (ஃபைல பைட் பைட்டா காட்டறது) தொறங்க. முதல் மூணு எழுத்து எஃப்டபிள்யூஎஸ்னு இருந்தா அழுத்தாத ஃபைல், சிடபிள்யூஎஸ்னா ஜிப் மாதிரி அழுத்தினது, இசட்டபிள்யூஎஸ்னா இன்னும் பிந்தி வந்த வகை. நாலாவது பைட்தான் வெர்ஷன் நம்பர், 08னா 8, 09னா 9. ஆனா ஏமாந்துடாதீங்க, 9ன்னு இருந்தாலே ஆக்‌ஷன்ஸ்க்ரிப்ட் 3ன்னு அர்த்தம் இல்ல, 2ல எழுதிட்டு 9க்கு பப்ளிஷ் பண்ணவன் நிறைய பேர். 8ன்னா கண்டிப்பா 3 இல்ல, அவ்ளோதான் நம்பி சொல்லலாம்.

இன்னொண்ணு, டபுள் க்ளிக் பண்ணி தொறந்து பாத்துட்டு ஓடலன்னு எழுதிடாதீங்க, எக்ஸாம்ப் மாதிரி ஏதாவது லோக்கல் சர்வர்ல வச்சு பாருங்க. ரஃபிளோட டாட் வாஸம் ஃபைலுக்கு சர்வர்ல மைம் டைப் (இது என்ன வகை ஃபைல்னு சர்வர் சொல்றது) சரியா குடுக்கணும், அது இல்லன்னா ஆரஞ்சு கலர்ல பெரிய எரர் பக்கம் வரும்.


காட்பாடி_லேப்காரன்:

அண்ணா தம்பி எல்லாருக்கும் நன்றி, நேத்து ராத்திரி கரண்ட் போய் போய் வந்துச்சு, பன்னெண்டு மணி வரைக்கும் உக்காந்து 38ஐயும் பாத்துட்டேன். 29 ஃபைல் சிடபிள்யூஎஸ் 08, ஜேபெக்ஸ்ல ஃப்ரேம் ஃப்ரேமாதான் ஸ்க்ரிப்ட் இருக்கு. 7 ஃபைல் 09, பேக்கேஜ் விரியுது, அதுல அந்த பிஎச் ஸ்லைடர் பாடமும் ஒண்ணு, எனக்குன்னு பாத்து. மிச்சம் ரெண்டுல பாடமே இல்ல, சும்மா ஒரு ப்ளே பட்டன், பக்கத்துல எஃப்எல்வி வீடியோ.

எக்ஸாம்ப்ல முதல் பாடத்த போட்டேன், ஓடிடுச்சு! டிரம் சுத்துது! பக்கத்து ரூம்லருந்து அம்மா வந்து என்னடா சத்தம்னு கேட்டாங்க.

ஆனா ஒரு கூத்து. தமிழ் எழுத்து பாதி எடத்துல நல்லா வருது, பாதி எடத்துல இங்கிலீஷ் எழுத்தா கன்னாபின்னான்னு வருது. தலைப்பு, விளக்கம் எல்லாம் சுத்தமா இருக்கு, கேள்வி பதில் வர்ற எடத்துலதான் குப்பை. ரஃபிள்ல கோளாறா?


ஆரணி_டீச்சரம்மா:

தம்பி, இது ரஃபிள் கோளாறு இல்லப்பா. நான் ரிட்டயர்டு, 2005லருந்து கொஞ்ச வருஷம் ஸ்கூல் பாடத்த ஃப்ளாஷ்ல பண்ற டீம்ல எழுதிக் குடுத்துட்டு இருந்தேன், இது எங்க காலத்துப் பாவம்.

அப்ப ஃப்ளாஷ்ல யூனிகோட் தமிழ் போட்டா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்கும், "கொ" எழுதினா மூணு துண்டா கெடக்கும். 2008 அக்டோபர்ல 10ஆவது ப்ளேயர்ல புது டெக்ஸ்ட் எஞ்சின் வந்த பிறகுதான் இந்திய மொழிகளுக்கெல்லாம் வழி பொறந்துச்சு, ஆனா அதுக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுத யாருக்கு நேரம்? எல்லாரும் பாமினி, வானவில், டேப்னு ஏதாவது ஒரு ஃபான்ட்லதான் அடிச்சோம். 1999ல சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்டுல டேம், டேப்னு தரம் பண்ணாங்க, ஆனா டிடிபி கடைக்காரங்க கைக்கு எது பழக்கமோ அதத்தான் அடிச்சாங்க. பாமினி மாதிரி ஃபான்ட் எல்லாம் உள்ள இங்கிலீஷ் எழுத்துதான், மேல தமிழ் உருவத்த போத்தி விட்டிருக்கும். பாமினில தமிழ்னு அடிச்சா உள்ள இருக்கறது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். ஃபான்ட் இல்லாத எடத்துல அது அப்படியே பல்ல காட்டும்.

உங்களுக்கு பாதி நல்லா வர்றதுக்குக் காரணம், தலைப்பு மாதிரி மாறாத எழுத்த ஃப்ளாஷே உருவமா உள்ள வச்சிடும். கேள்வி பதில் மட்டும் ஓடும்போது எடுத்துப் போடற டெக்ஸ்ட், அதுக்கு ஃபான்ட்ட ஃபைலுக்குள்ளயே எம்பெட் பண்ணணும், பண்ண மறந்திருப்பாங்க, ஏன்னா அவங்க சிஸ்டத்துல பாமினி இருந்துச்சு, சரியாத்தான் தெரிஞ்சிருக்கும். நாங்களும் இப்படித்தான் ஒரு தடவ சிடி போட்டு அனுப்பி பள்ளிக்கூடத்துலருந்து போன் மேல போன். எந்த எழுத்துல என்ன வருதுன்னு ஒரு வரி சொல்லுங்க, எந்த ஃபான்ட்னு சொல்றேன்.


காட்பாடி_லேப்காரன்:

மேடம் நீங்க சொன்ன அதே ஜே கே பி ஓ செமிகோலன் ஒரு கேள்வில இருக்கு! கண்ணுல தண்ணி வந்துடுச்சு.


ஆரணி_டீச்சரம்மா:

பாமினியேதான். கண்ணத் தொடைச்சிக்கிட்டு வேலையப் பாருங்க. கேள்வி எல்லாம் தனி எக்ஸ்எம்எல் ஃபைல்ல இருக்கான்னு பாருங்க, எங்க டீம்ல அப்படித்தான் வைப்போம். இருந்தா பாமினி டு யூனிகோட் கன்வர்ட்டர் ஏதாவது ஒண்ணுல போட்டு எடுத்துடலாம், மறுபடி டைப் அடிக்க வேணாம். ஆனா மாத்தின பிறகு ஒரு தமிழ் தெரிஞ்ச ஆள படிக்கச் சொல்லுங்க, நடுவுல இங்கிலீஷ் வார்த்தை இருந்தா அதையும் தமிழாக்கி வச்சிடும், "பிஎச்"ங்கறது என்னவா வரும்னு சாமிக்குத்தான் தெரியும்.


ரஸ்ட்_புடிச்ச_பையன்:

டீச்சரம்மா சூப்பர், இது எனக்கே தெரியாது. அண்ணா, ஆனா யூனிகோடா மாத்திட்டு அத அதே பழைய எஸ்டபிள்யூஎஃப்க்குள்ள திருப்பிப் போடாதீங்க, கொம்பு கதை திரும்ப வரும். ரெண்டு வழி. ஒண்ணு, பாமினிய அப்படியே விட்டுட்டு அந்த ஃபான்ட் இருக்கிற ஒரு எஸ்டபிள்யூஎஃப்ப ரஃபிள் கான்ஃபிக்ல ஃபான்ட் சோர்ஸா காட்டறது. ரெண்டாவது, கேள்விய மட்டும் ஃப்ளாஷ்லருந்து வெளிய எடுத்து மூடுல்ல இருக்கிற குவிஸ்லயே போட்டுடறது. என்னக் கேட்டா ரெண்டாவது, 38 பாடத்துக்கும் பத்து பத்து கேள்வி, கன்வெர்ட் பண்ணிட்டா இம்போர்ட் பண்ணிடலாம்.

எஃப்எல்வி ரெண்டையும் எஃப்எஃப்எம்பெக்ல எம்பி4 ஆக்கிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.


பாலாறு_தண்ணி:

அந்த பசங்க போன்ல பாக்கப்போறாங்கல்ல, எழுத்து ரவ ரவயா தெரியும்பா. 800க்கு 600 ஸ்க்ரீனுக்கு பண்ணது, போன சாச்சி புடிச்சாதான் கொஞ்சம் பெருசா வரும். மொதல்லயே சொல்லிடு, அப்பால கண்ணு தெரியலன்னு வருவாங்க.


காட்பாடி_லேப்காரன்:

நாலு நாள் கழிச்சு வர்றேன். நடந்தது சொல்றேன்.

பாடம் எல்லாம் ஸ்கார்ம் பேக்கேஜா (யார் முடிச்சாங்கன்னு மூடுலுக்கு சொல்ற பாட ஜிப்) பண்ணி மூடுல்ல ஏத்தினேன். முதல் நாள் முழுக்க "மேனிஃபெஸ்ட் இல்ல"ன்னே சொல்லிட்டு இருந்துச்சு. இருக்குப்பா, கண்ணு முன்னாடி இருக்கு. அப்பறம்தான் தெரிஞ்சுது, நான் ஃபோல்டர ஜிப் பண்ணியிருக்கேன், ஃபோல்டருக்குள்ள இருக்கறத செலக்ட் பண்ணி ஜிப் பண்ணணுமாம், அந்த மேனிஃபெஸ்ட் எக்ஸ்எம்எல் ஃபைல் ஜிப்ப தொறந்த உடனே மேலயே இருக்கணும். ஒரு நாள் போச்சு.

ரெண்டாவது நாள், ரஃபிள் வரிய மூடுல் தீம்ல சேத்தேன், வரல. ஏன்னா பாடம் ஓடறது உள்ள இருக்கிற தனி ஃப்ரேம்ல, வெளிய இருக்கிற பக்கத்துல போட்ட ஸ்க்ரிப்ட் உள்ளாற போகாது. ஒவ்வொரு பேக்கேஜ்லயும் உள்ள இருக்கிற எச்டிஎம்எல்ல போட வேண்டியதா போச்சு. அத ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதி மொத்தமா மாத்திட்டேன், அதுல எனக்கு பெருமை.

இப்ப பிரச்சனை மூணாவது. கேள்விய மூடுல் குவிஸ்ல போட்டுட்டேன், அது ஓகே. ஆனா பாடத்த முடிச்சானா இல்லையாங்கறது பாடத்துலருந்துதான் வரணும். லேப்ல நான் பாத்தா சரியா பதிவாகுது, பசங்க பாத்தா பாதி பேருக்கு "முடிக்கவில்லை"ன்னே நிக்குது. ஒரு பையன் மூணு தடவ பாத்துட்டேன் சார்னு அழாத குறை.


பழைய_சிஸ்அட்மின்:

தம்பி ஒண்ணு கேக்கறேன், நீங்க பாடத்த எப்படி மூடறீங்க, பசங்க எப்படி மூடறாங்க?


காட்பாடி_லேப்காரன்:

நான் பாடத்துல இருக்கிற "வெளியேறு" பட்டன அமுக்குவேன் சார். பசங்க... இருங்க கேட்டுட்டு வர்றேன்.

சார் பசங்க அப்படியே டேப்ப மூடிட்டுப் போறாங்க.


பழைய_சிஸ்அட்மின்:

அதான். பழைய ஸ்கார்ம் பாடம் எல்லாம் "முடிச்சாச்சு"ங்கற தகவல மூடற நேரத்துலதான் அனுப்பும், சர்வர்லருந்து பதில் வர்ற வரைக்கும் பக்கத்த பிடிச்சு வச்சுக்கும். அந்த மாதிரி பிடிச்சு வைக்கறது கூடாதுன்னு குரோம் 80லருந்து, அதாவது 2020 பிப்ரவரிலருந்து, தடுத்துட்டாங்க. டேப்ப மூடினா தகவல் போறதுக்குள்ள பக்கம் செத்துடும். இது ஃப்ளாஷ் தப்பும் இல்ல ரஃபிள் தப்பும் இல்ல, எச்டிஎம்எல்ல பண்ண பாடத்துக்கும் இதேதான்.

உங்க மூடுல் பழசா இருந்தா மொதல்ல அப்டேட் பண்ணுங்க, புதுசுல இதுக்கு வேற வழியா அனுப்பப் பாக்கறாங்க. அதையும் முழுசா நம்பாதீங்க. ஸ்கார்ம் ஸ்க்ரிப்ட் ஒண்ணு பேக்கேஜ்ல இருக்கும்ல, கடைசி ஸ்லைடுக்கு வந்த உடனே ஸ்டேட்டஸ "கம்ப்ளீட்டட்"னு வச்சு அங்கயே கமிட் கூப்பிடற (உடனே சர்வருக்கு அனுப்பற) மாதிரி மாத்துங்க. அப்பறம் அவன் டேப்ப மூடட்டும், போன தண்ணில போடட்டும், நமக்குக் கவலை இல்ல.

நிறுத்துன எடத்துலருந்து தொடரணும்னு நிறைய தகவல அதுல ஏத்தாதீங்க. ஸ்கார்ம் 1.2ல அந்த சஸ்பெண்ட் டேட்டாவுக்கு 4096 எழுத்துதான் கணக்கு, அதுக்கு மேல போனா வெட்டுப்படும், பாடம் தொறக்கும்போது முழிக்கும்.


ரீபூட்_ராஜா:

யூட்யூப்ல போட்டிருந்தா இவ்ளோ இல்ல. சும்மா சொன்னேன் ப்ரோ, நல்லா போகுது, ஃபாலோ பண்றேன்.


காட்பாடி_லேப்காரன்:

சார், கமிட் மாத்தினேன், நேத்து 22 பசங்க பாத்ததுல 22ம் பதிவாகியிருக்கு. உங்க வீட்டுக்கு ஒரு கிலோ ஆற்காடு மக்கன் பேடா வாங்கிட்டு வர்றேன், சத்துவாச்சாரில எங்கன்னு மட்டும் தனி மெசேஜ்ல சொல்லுங்க.

ஸ்டேட்டஸ் இதான். 29 பழைய ஃபைலும் ஓடுது. ஆடியோ மட்டும் தானா வராது, பசங்க ஒரு தடவ தொட்டாதான் சத்தம் வரும், ப்ரவுசர் ரூல் அப்படியாம், அதுக்கு "தொடங்க இங்கே தொடவும்"னு ஒரு படம் வச்சுட்டேன். 7ல 4 ஓடுது. ரெண்டு பாடத்துல அனிமேஷன் வருது, பட்டன் வேலை செய்யல, அது விளக்கம்தான், அத ரெக்கார்ட் பண்ணி வீடியோவா போட்டுட்டேன், ராஜா ப்ரோ சந்தோஷப்படுங்க. கடைசி ஒண்ணு அந்த பிஎச் ஸ்லைடர். ஸ்லைடர் நகருது, தோல் கலர் மாறவே மாட்டேங்குது. பிக்கிள்ல 2.8, 3 பக்கம் நிக்கணும், 7ல வச்சாலும் தோல் சிரிச்சிக்கிட்டு இருக்கு. இத பசங்களுக்கு காட்டினா தப்பா கத்துக்கிட்டு தோல் ஷாப்புல ஒரு டிரம் சரக்க கெடுத்துடுவான்.


ரஸ்ட்_புடிச்ச_பையன்:

அத புதுசா எழுதிடுங்க அண்ணா. ஜேபெக்ஸ்லருந்து படம் எல்லாம் எஸ்விஜியா எடுக்கலாம், ஸ்லைடர் ஒரு எச்டிஎம்எல் இன்புட், பிஎச் எவ்ளோன்னு பாத்து கலர மாத்தற ஜாவாஸ்க்ரிப்ட் முப்பது வரி கூட வராது. லாஜிக்க பழைய ஸ்க்ரிப்ட்லருந்தே ஜேபெக்ஸ்ல படிச்சுக்கலாம், அதுல எந்த நம்பர்ல எந்த கலர்னு எழுதியிருப்பான். எஸ்டபிள்யூஎஃப் ஆக்கறதுக்கு முன்னாடி இருந்த ஒரிஜினல் எஃப்எல்ஏ ஃபைல் இருந்தா அடோபி அனிமேட்ல தொறந்து கேன்வாஸா மாத்தலாம், ஆனா அங்கயும் ஸ்க்ரிப்ட் தானா மாறாது, எப்படியும் எழுதத்தான் வேணும். ஞாயித்துக்கெழமை ஃப்ரீ, அனுப்புங்க, சேந்து பண்ணலாம்.


ஆரணி_டீச்சரம்மா:

ஓனர் என்ன சொன்னார்? அத சொல்லவே இல்லையே.


காட்பாடி_லேப்காரன்:

மேடம், சனிக்கிழமை காட்டினேன். அவர் போன்லயே முதல் பாடத்த தொறந்து காட்டினேன், டிரம் சுத்தறத ரெண்டு நிமிஷம் பாத்தார். அப்பறம் கேக்கறார், "9 போட்டியா, 10ஆ?"

"9தான் சார்"னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது.

ஆனா ஒண்ணு கண்டுபிடிச்சார். முதல் ஸ்லைடுல "ராணிப்பேட்டை, வேலூர் மாவட்டம்"னு போட்டிருக்கு, 2009ல பண்ணதாச்சே, 2019லதான் தனி மாவட்டம் ஆச்சு. இத மாத்துன்னார். ஜேபெக்ஸ்ல அந்த எழுத்த தொறந்து மாத்தப் போனா, உள்ள வச்சிருக்கிற ஃபான்ட்ல அந்த ஸ்லைடுக்குத் தேவையான எழுத்து மட்டும்தான் இருக்கு, புது எழுத்து அடிச்சா ஏத்துக்காது. பயந்தே போய்ட்டேன். அப்பறம் பாத்தா ராணிப்பேட்டைங்கற எழுத்து ஏற்கனவே அங்கதான் இருக்கு, மாவட்டமும் இருக்கு. நடுவுல இருந்த கமாவையும் வேலூரையும் அழிச்சேன், "ராணிப்பேட்டை மாவட்டம்"னு நிக்குது. கொஞ்சம் எடது பக்கம் தள்ளி நிக்குது, அத இன்னும் யாரும் கவனிக்கல.